இடுப்பெலும்பில் நடந்த பந்தி

மழை வந்துவிடக் கூடாதே என்று உப்பளக்காரர்கள் சாமி கும்பிடுகிற தூத்துக்குடியில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு குழாயும் ஏழு வீடும் உள்ள ஒரு காம்பவுண்டு இருந்தது, அந்த ஏழில் குழாயை ஒட்டிய வீட்டில் தங்கபுஷ்பம் இருந்தாள், தங்கபுஷ்பத்தின் இடது கழுத்தில் ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில் கல்யாணப் பந்தி ஆரம்பமானது. முதலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம், "இங்க ரெண்டு இலைக்கு உப்பு வைக்கலை" என்று யாரோ குறைப்படுகிற சத்தம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திக் கேட்டாள். தன் கழுத்துக்குள் கல்யாண மண்டபம் எப்படி வந்தது என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை. இத்தனை பேருக்குச் சோறு காணுமா என்றுதான் யோசித்தாள்.

இதற்கு அவளைக் குறை சொல்லிப் பயனில்லை, வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். பரிமாற ஆட்கள் தனியாக உண்டு. இவள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "ரசம் வந்துச்சா, கூச்சப்படாம சாப்பிடுங்க, ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், சொல்லும்போது முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. இலையில் உட்கார்ந்தவன் எவனானாலும், பத்திரிகை இல்லாமல் வந்தவனே ஆனாலும், அவனாக எழுந்திருக்கிறவரை எழுப்பக் கூடாது என்பது அவள் சட்டம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு சட்டமும் இருந்தது, அது இதைவிடக் கண்டிப்பானது: எல்லோரும் எழுந்த பிறகு, சாம்பாரில் வெந்நீர் ஊற்றி நீட்டி, பாயசத்தில் முந்திரி தீர்ந்து, ஐஸ்கிரீம் டப்பாவில் மரக்கரண்டிகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது நடக்கிற கடைசிப் பந்தியில்தான் அவள் உட்காரலாம். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மெல்லுகிற ஆண்கள், "விசாரிப்புன்னா தங்கபுஷ்பம்தான்" என்று பாராட்டுவார்கள். பாராட்டுக்கென்ன, அதில் முந்திரி போட வேண்டியதில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற சுயம்புலிங்கம், அவள் கணவர், வேலை முடிந்து வந்து அவள் கழுத்தில் காதை வைத்துக் கேட்டார். "யாரு வீட்டு விசேஷம்? நமக்குப் பத்திரிகை வரலியே" என்றார். அதோடு அவர் விசாரணை முடிந்தது.

காம்பவுண்டின் விசாரணை அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. தண்ணீர் மோட்டார் சாவியை வேட்டி மடிப்பில் சொருகி வைத்திருப்பதால் எல்லா வழக்கிலும் தீர்ப்புச் சொல்லும் உரிமை தமக்கு உண்டென்று நம்பிய மகராஜன் அண்ணாச்சி, காதைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டு, இது திருச்செந்தூர்ப் பக்கத்துக் கல்யாணம், அவியலில் கத்தரிக்காய் கேட்கிறார்கள் பாருங்கள் என்றார். மேளச்சத்தம் இல்லையே, இது கருமாதிச் சாப்பாடாக இருக்குமோ என்று மாடிவீட்டார் கிளப்பினார்கள். கருமாதியில் யார் ஐஸ்கிரீம் கேட்பான் என்று அண்ணாச்சி மடக்கினார். சைவமா கறிச்சாப்பாடா என்று இரண்டு கட்சி பிரிந்து, குழாயடியில் ஒரு குடம் நெளிந்தது. வெளியூர் உறவினர்கள் வந்தால் கடற்கரைக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் தங்கபுஷ்பத்தின் கழுத்தைக் கேட்கவைத்துக் கூட்டிப் போவது வழக்கமானது. வந்தவர்களுக்கெல்லாம் அவள் காப்பி போட்டாள்.

கழுத்தில் இடம் போதாமல் பந்தி வலப்பக்கமும் பரவியது, அங்கிருந்து அக்குளுக்கு இறங்கியது, அங்கேயும் நெருக்கடியாகித் தொடையிடுக்கில் தனிப் பந்தி போட்டார்கள். அதை மட்டும் பக்கத்து வீட்டு ரோஸ்லினைத் தவிர யாரும் கேட்க அனுமதி இல்லை, அதனாலேயே அங்கேதான் பிரியாணி போடுகிறார்கள் என்று காம்பவுண்டில் பேச்சு. பந்தி நடக்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கட்டி இருந்தது, எலுமிச்சங்காய் அளவில், அழுத்தினால் ரப்பர் போல வழுக்கிக்கொண்டு, வலியே இல்லாமல். வலித்திருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள் என்று சொல்வதற்கும் இல்லை. அவளுக்கு முழங்கால் பத்து வருஷமாக வலிக்கிறது, அதை யார் கவனித்தார்கள்? விடிந்து எழுந்தால் சேலை பிழிகிற அளவுக்கு வேர்த்திருந்தது. "கல்யாண வீடுன்னா வேர்க்கத்தான செய்யும்" என்றார் அண்ணாச்சி.

ரோஸ்லின் ஜாக்கெட் தைக்கிறவள். இஞ்சு டேப்பைத் துண்டு மாதிரி கழுத்தில் போட்டபடிதான் தண்ணீர் பிடிக்கவும் வருவாள். தங்கபுஷ்பத்தின் ஜாக்கெட்டை ஒரு தடவை பிடித்துத் தைத்தாள், மறு தடவையும் பிடித்துத் தைத்தாள், மூன்றாம் தடவை ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வந்தாள்.

"யக்கா, ஊர்ல ஒரு கல்யாணம் நடந்தா எல்லாவனுக்கும் சதை போடும். ஒனக்குள்ளயே கல்யாணம் நடக்கு, நீ என்னத்துக்கு எளைக்க?"

"பந்தி விசாரிக்கவ எங்கட்டி சாப்பிட?" என்றாள் தங்கபுஷ்பம்.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர் நஸ்ரின் என்ற சிறிய உருவப் பெண், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துக் கட்டியில் வைத்துக் கேட்டுவிட்டு, இதைவிடச் சத்தமான கல்யாணமெல்லாம் கேட்டிருக்கிறேன் என்கிற முகத்தோடு நிமிர்ந்தாள்.

"அம்மா, நெறிகட்டுமில்ல, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, அதெல்லாம் உடம்போட காவல் சாவடி. அங்க இருக்கிறது காவல்கார அணுக்கள். வேலை முடிஞ்சா செத்துப்போகணும்ங்கிறது அதுங்களுக்கு விதி. உங்க காவல்காரன் ஒருத்தன் சாக மறந்துட்டான். அவன் ரெண்டாகி, நாலாகி, இப்போ சாவடியையே மண்டபமாக்கிட்டான். லிம்போமாங்கிற புற்றுநோயா இருக்கலாம். சதை எடுத்துப் பார்த்துடுவோம்."

"பயப்பட ஒண்ணுமில்லல்லா?" என்றார் சுயம்புலிங்கம்.

"அப்படிச் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டே வைத்தியம் பார்க்கலாம்."

கழுத்தில் ஒரு கட்டியை எடுத்து அனுப்பினார்கள். அது லிம்போமாதான் என்று முடிவு வந்தது. அடுத்து எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் எல்லோரும் கூடியிருந்த நேரத்தில், பந்திச் சத்தம் நின்றது. கழுத்தில் இல்லை, அக்குளில் இல்லை, பிரியாணி போட்ட இடத்திலும் இல்லை. பிறகு மகராஜன் அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சு ஆளுவ கெளம்பிட்டாவ." வீட்டுக்கு வீடு மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். மாடிவீட்டார் ஒரு தேங்காய் உடைத்தார்கள். சுயம்புலிங்கம் திங்கட்கிழமை பஸ்ஸுக்குப் போகவில்லை, வேலைக்குப் போனார். சத்தம் நின்றால் நோய் நின்றது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், தெரியவில்லை. கட்டிகள் கொஞ்சமும் சிறுக்காமல் அப்படியே இருந்தன. கேட்பதற்குத்தான் வரிசையில் நின்றார்களே தவிர, தொட்டுப் பார்ப்பதற்கு யாரும் நிற்கவில்லை.

தங்கபுஷ்பம் வெளுத்தாள். குழாயிலிருந்து வாசலுக்குக் குடத்தைக் கொண்டு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். எங்கே இடித்துக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியாமல் கையிலும் காலிலும் நாவல்பழம் நசுங்கியது போலக் கறைகள் வந்தன. பல் விளக்கினால் ஈறில் ரத்தம். காய்ச்சல் வந்தால் போக மறுத்தது. கட்டியிருக்கும் பாவாடை நழுவுகிறது என்று அவள் சொல்ல, அளவெடுக்க வந்த ரோஸ்லின் முட்டி போட்டு உட்கார்ந்து, டேப்பைச் சுற்றி இழுக்கும்போது அவள் காது தங்கபுஷ்பத்தின் இடுப்பெலும்பில் பட்டது. பட்ட இடத்திலேயே அவள் அசையாமல் இருந்தாள்.

"என்னட்டி?"

"யக்கா, இவனுவ போகலை." ரோஸ்லின் குரல் மெதுவாக வந்தது. "அண்டாவைக் கரண்டியால சொரண்டுற சத்தம் கேக்கு. அடுப்படிக்குள்ள போயிட்டானுவக்கா."

மறுநாள் மதுரையில் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பின் பின்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, எலும்புக்குள் இன்னொரு ஊசியைத் திருகி இறக்கி, மஜ்ஜையை உறிஞ்சினார்கள். கால் வழியாக யாரோ நரம்பை உருவுவது போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், வலி விட்டதும் முதல் வார்த்தையாக, "நீங்க சாப்ட்டியளா டாக்டரம்மா, மணி ரெண்டாவப் போவுதே" என்றாள். நஸ்ரின் ஊசியைத் தட்டில் வைத்தாள். "இல்லம்மா. இனிமேதான்."

முடிவு வந்த அன்று நாலு பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எலும்பு மஜ்ஜைதான் ரத்தம் சமைக்கிற அடுப்படி" என்றாள் நஸ்ரின். "மூச்சை எடுத்துட்டுப் போற சிவப்பணு, கிருமியோட சண்டை போடுற வெள்ளையணு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, மூணும் அங்கதான் வேகுது. இப்போ கூட்டம் அங்க வந்து படுத்துக்கிச்சு. சமைக்கிறவங்க நிக்க இடமில்லை. அதனாலதான் மூச்சு வாங்குது, காய்ச்சல் விடலை, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகுது."

"அடுப்படிக்கு யாரு வழி காட்டுனா?" என்றாள் ரோஸ்லின்.

"வழி காட்ட வேண்டாம். ரத்தத்துல ஏறினா எல்லாத் தெருவும் அங்க போகும். அதுவும் போக, இவங்க வம்சமே பிறந்தது அந்த அடுப்படியிலதான். பழைய பிள்ளைன்னு கதவு திறந்துடும்."

இதை நாலாம் கட்டம் என்பார்கள் என்று அவள் சொன்னபோது சுயம்புலிங்கத்தின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. பல நோய்களில் நாலு என்றால் வேறு பேச்சு, இதில் கூட்டம் அடுப்படிவரை வந்துவிட்டது என்று அர்த்தம், கிளப்ப மருந்து இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட நேரமில்லை, தள்ளிப்போட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று நஸ்ரின் ஒளிக்காமல் சொல்லி, சம்மதக் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினாள்.

தங்கபுஷ்பம் பேனாவை வாங்கவில்லை.

"பெறந்த வீட்டுக்கு வந்த பிள்ளையளையா எழுப்பச் சொல்லுதிய? எலையில ஒக்காந்தவனை நான் இதுவரைக்கும் எழுப்புனதில்ல டாக்டரம்மா. அவியளா எந்திரிச்சுப் போவட்டும்."

"போக மாட்டாங்க."

"போவாவ. எந்தப் பந்தியும் முடியாம இருந்ததில்ல."

நஸ்ரின் வாதாடினாள், ரோஸ்லின் வாதாடினாள். காம்பவுண்டில் விஷயம் தெரிந்ததும் குழாயடியில் ஊரே வாதாடியது, பெரும்பான்மை தங்கபுஷ்பத்தின் பக்கம். விருந்தாளியை விரட்டின வீடு விளங்குமா என்றார் அண்ணாச்சி. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார்கள் மாடிவீட்டார். அந்த நாலு பேர் யாரென்று எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கண்டுபிடித்திருந்தால் அவர்களையாவது அடுப்படியில் உட்காரவைத்து அரிசி கழுவச் சொல்லியிருக்கலாம். ஒருத்தி நல்லவள் என்று ஒரு ஊர் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டால் அவள் உயிரோடு இருப்பது அவ்வளவு அவசியமில்லை என்று ஆகிவிடுகிறது.

அடுத்த முறை போனபோது நஸ்ரின் வாதாடவில்லை. தன் கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். "நாளைக்கு ஒரு பகல் முழுக்க நீங்களே கேளுங்க. பந்தி பார்த்துப் பழகின ஆள் நீங்க. வந்திருக்கிறது விருந்தாளிதான்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா, நான் பேனாவை மூடிடுறேன்."

மறுநாள் தங்கபுஷ்பம் தன் வீட்டு அடுப்படித் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, குழலைக் காதில் மாட்டி, வட்டத்தை இடுப்பெலும்பில் வைத்தாள். காலையில் கேட்டது கூட்டத்தின் இரைச்சல். கொஞ்சம் பழகியதும் குரல்கள் பிரிந்தன. "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றது ஒரு குரல். "ஒங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றது இன்னொன்று. அவள் வார்த்தைகள், அவள் சொல்கிற அதே ராகத்தில். அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பரவாயில்லையே, விசாரிக்கத் தெரிந்த பிள்ளைகள். மதியத்தில் ஏப்பம் விட்டார்கள். தண்ணீர் கொட்டிக் கை கழுவினார்கள். அப்போது அவள் முதுகை நிமிர்த்திக் காதைக் கூர்மையாக்கினாள், ஏனென்றால் பந்தியின் கடைசி வார்த்தை அங்கேதான் வரும். எவ்வளவு பெரிய தின்னிப்பண்டாரமும், பத்திரிகை இல்லாமல் வந்த அரைகுறையும், கை கழுவிவிட்டு ஈரக்கையை உதறிக்கொண்டு வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்பான். பதிலுக்குக்கூட நிற்க மாட்டான், ஆனாலும் கேட்பான். அவள் காத்திருந்தாள். கை கழுவியவர்கள் திரும்பப் போய் அதே இலைகளில் உட்கார்ந்தார்கள். மறுபடி கழுவினார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக் குழாயடிக்குப் போனது, அண்டா காலியாகி அதன் அடியைச் சுரண்டினார்கள், அதில் ஒருத்தன்கூட, ஒரே ஒருத்தன்கூட, "நீங்க சாப்ட்டியளா" என்று கேட்கவில்லை.

அவள் குழலைக் கழற்றினாள்.

சுயம்புலிங்கம் வந்து தலைக்கவசத்தை ஆணியில் மாட்டி, வழக்கம்போல், "சோறு எடுத்து வை" என்றார். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பயந்துபோனார். "என்னா செய்யுது?"

"அது விருந்தாளி இல்லங்க."

"எப்படிச் சொல்லுத?"

"நான் சாப்ட்டனான்னு கேக்கல. அப்படிக் கேக்காதவனுக்கு எல போட எனக்குக் கடமை கெடையாது. நாளைக்கு மதுரைக்குப் போவோம், கையெழுத்துப் போடுதேன்."

சுயம்புலிங்கம் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தாம் அந்த வார்த்தையைக் கேட்ட ஒரு நாளைத் தேடி அவர் கண் சுவரில் காலண்டர்வரை போய்த் திரும்பியது. கிடைக்கவில்லை போலும்.

"நீ... சாப்ட்டியா?"

"இல்ல" என்றாள் தங்கபுஷ்பம்.

அந்தப் பதிலுக்கு அவர் தயாராக இல்லை. பிறகு சமையல் மேடைக்குப் போய், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்து, கடைசியில், "அரிசி எதுல இருக்கு?" என்றார்.

மருந்து சிவப்பாக இருந்தது, சொட்டுச் சொட்டாக இறங்கியது. இறங்கியதும் இடுப்புக்குள்ளும் கழுத்துக்குள்ளும் ஒரே அமளி: "என் செருப்பைக் காணோம்", "இன்னும் மோர் வரலியே", "யாரைப் பாத்து எந்திரிங்கிற". தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு, பந்தி விசாரிக்கிற அதே சிரிப்போடு, "எந்திரிங்க, நேரமாச்சு, எந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் குரல் நடுங்கியது. மருந்து ஏற ஏற அதில் ஒரு ருசி தட்டியது. முடி கொட்டியது, வாய் புண்ணானது, சோறு மணந்தாலே குமட்டியது. காம்பவுண்டோ, கேட்காதவன் விருந்தாளி இல்லை என்று அவள் சொன்னது பரவியதிலிருந்து, தானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாது என்ற பீதியில் இருந்தது. சாப்ட்டியா என்று அண்ணாச்சி மோட்டார் போடும்போது கேட்டார், அணைக்கும்போது கேட்டார். மாடிவீட்டார் படியில் நின்று கூவிக் கேட்டார்கள். "ஒரு பொம்பளைட்ட சாப்ட்டியான்னு கேக்க இந்த ஊருக்குப் புத்துநோய் வேண்டியிருக்கு" என்றாள் ரோஸ்லின், ஜன்னலுக்கு வெளியே நின்று, வாயில் துணி கட்டி, ஏனென்றால் வெள்ளையணு குறைந்தவள் பக்கத்தில் வெளியாட்கள் யாரும் போகக் கூடாதென்று நஸ்ரின் சொல்லியிருந்தாள்.

அந்த நாட்களில்தான் இடுப்பு முழு மௌனமானது. கூட்டமும் இல்லை, சமையலும் இல்லை. மருந்து கூட்டத்தை எழுப்பும்போது சமையல்காரர்களையும் கொஞ்சம் விரட்டத்தான் செய்யும், அவர்கள் திரும்பி வருவார்கள் என்று நஸ்ரின் முன்பே சொல்லியிருந்தாள். சொல்லியிருந்தாலும், காலியான அடுப்படியைக் கேட்டுக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை. சுயம்புலிங்கம் குழைந்துபோன கஞ்சியோடு வந்து, அவள் குடிக்கும்வரை, நஸ்ரின் திருப்பி வாங்கிக்கொள்ளாத அந்தக் குழலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு காலையில் அவர் கையை உயர்த்தி, பேசாதே என்று அவளுக்குச் சைகை காட்டினார். "அரிசி களையுற சத்தம்" என்றார். அவளிடம் குழலைக் கொடுத்தார். ஒரே ஒரு ஆள், சிறிய பாத்திரத்தில், அவசரமில்லாமல் களைந்துகொண்டிருந்தார்.

மருந்துகள் முடிந்து மறுபடியும் இடுப்பில் ஊசி இறக்கிப் பார்த்தார்கள். அடுப்படி சுத்தம் என்றாள் நஸ்ரின். எவனாவது அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம், அதனால் அவ்வப்போது வந்து காது கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். "சாப்ட்டியளா டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் தங்கபுஷ்பம் கிளம்பினாள், ஆனால் இந்தத் தடவை பதிலுக்கு முன்னால் நஸ்ரினும் அதையே கேட்டதால் இரண்டு பேர் குரலும் மோதிக்கொண்டன.

ஒரு தை போய் அடுத்த தை மாதம் சுயம்புலிங்கத்தின் தம்பி மகனுக்குக் கல்யாணம். பந்தி விசாரிக்க வழக்கம்போல் அவளைச் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்து முதல் பந்திக்கு முட்டி மோதிய ஆண்களுக்கு நடுவே, கிராப்பு மாதிரி வளர்ந்த முடியோடு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பமும் முட்டி மோதிப் போய், காற்றாடிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்தாள். பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு ரோஸ்லினுக்கு இடம் வைத்தாள். கூடம் ஒரு கணம் தடுமாறியது. பிறகு பரிமாறுகிறவன் இலையில் உப்பு வைத்தான்.

இடம் கிடைக்காத மகராஜன் அண்ணாச்சி, ஊர் வழக்கப்படி, அடுத்த பந்திக்கு அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அவள் சாம்பாரில் இருக்கிறாளா ரசத்துக்கு வந்துவிட்டாளா என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ரசம் முடிந்தது. மோர் முடிந்தது. அண்ணாச்சி ஒரு தடவை செருமினார்.

தங்கபுஷ்பம் திரும்பாமல், பாயச வாளிக்காரனைக் கை காட்டி நிறுத்தி, அடியில் கலக்கி ஊற்றச் சொன்னாள். முந்திரி நாலைந்து விழுந்தது.

"அண்ணாச்சி, நீங்க சாப்ட்டியளா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்படியா" என்றாள் அவள், பாயசத்தை வழித்தபடி. "நான் எந்திரிக்க நேரமாவும். கடைசிப் பந்தியில ஒக்காருங்க, ஒண்ணும் கொறைச்சலா இருக்காது. சாம்பார்ல மட்டும் கொஞ்சம் வெந்நி ஊத்தியிருப்பாவ."